மூன்றில் இரண்டு பங்கும் மூன்று தலைமுறையும்

(பந்திங்கில் நடைபெற்ற சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



அரசியலமைப்புச் சட்டம் என்று சொன்னாலே நம்மில் பலர், "அது வக்கீல்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் அடையாள அட்டையை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். அது நீலமா, சிவப்பா? அந்த நிறத்தை முடிவு செய்தது பதிவு இலாகா முகப்பில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அல்ல. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கும் சில வரிகள்தான் முடிவு செய்தன. அந்த வரிகளை நாடாளுமன்றம் மாற்றினால் நம் பேரப்பிள்ளைகளின் அட்டை நிறமும் மாறும். 2024ஆம் ஆண்டு அப்படி ஒரு மாற்றம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால்தான் இந்த உரை. அரசியலமைப்புச் சட்டத்தை எப்படித் திருத்துகிறார்கள், அந்தத் திருத்தங்கள் தனிமனிதனின் உரிமையை என்ன செய்திருக்கின்றன, பந்திங், ஜென்ஜாரோம், தெலுக் பங்ளிமா காராங், கேரித் தீவு போன்ற இடங்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்பதைப் பேசப் போகிறேன்.

உரிமை யாருக்கு?

அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பகுதியில், 5ஆவது விதியிலிருந்து 13ஆவது விதி வரை, நம் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. உயிர், உடல் சுதந்திரம், சட்டத்தின் முன் சமத்துவம், பேச்சுரிமை, சமய உரிமை, கல்வி, சொத்து. படிக்க அழகாக இருக்கும். ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். சில விதிகள் 'எந்த ஒரு நபரும்' என்று தொடங்குகின்றன. வேறு சில 'ஒவ்வொரு குடிமகனும்' என்று தொடங்குகின்றன.

5ஆவது விதி தரும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு எல்லா மனிதருக்கும் உண்டு. 11ஆவது விதியின் சமய உரிமையும் அப்படியே. ஆனால் நாட்டுக்குள் எங்கும் சென்று வாழும் உரிமை (விதி 9), பேச, கூட, சங்கம் அமைக்க உரிமை (விதி 10), இனம், சமயம், பிறந்த இடம், பாலினம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்ற பாதுகாப்பு (விதி 8இன் இரண்டாவது உட்பிரிவு), இவையெல்லாம் குடிமக்களுக்கு மட்டும். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது 5ஆவது விதி. குடியுரிமை இல்லாதவர் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபட்டால் அந்த 24 மணி நேரம் 14 நாட்களாகி விடுகிறது.

ஆகவே, குடியுரிமை என்பது மற்ற உரிமைகளோடு சேர்ந்த இன்னொரு உரிமை அல்ல. மற்ற உரிமைகள் இருக்கும் வீட்டின் வாசற்படி அது. வாசலிலேயே ஒருவரை நிறுத்திவிட்டால், உள்ளே எவ்வளவு நல்ல விதிகள் இருந்தும் அவருக்குப் பயன் இல்லை.

மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு

சாதாரணச் சட்டத்தை நிறைவேற்ற அவையில் இருப்பவர்களில் பெரும்பான்மை போதும். அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்த, 159ஆவது விதியின்படி, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். மக்களவையில் இன்று 222 இடங்கள். அதில் 148. குடியுரிமை, மலாய் ஆட்சியாளர்கள், தேசிய மொழி, 153ஆவது விதி போன்றவற்றைத் தொட வேண்டுமானால் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் தேவை.

கேட்பதற்குப் பலமான பூட்டாகத்தான் தெரிகிறது. ஆனால் சுதந்திரம் பெற்றதிலிருந்து 2008 வரை, 1969 பொதுத்தேர்தலுக்குப் பிந்திய குறுகிய காலம் நீங்கலாக, ஒரே கூட்டணியின் கையில்தான் அந்தச் சாவி இருந்தது. 2004 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி 219 இடங்களில் 198ஐப் பிடித்தது. கிடைத்த வாக்கு சுமார் 64 விழுக்காடு. கிடைத்த இடங்கள் 90 விழுக்காடு. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிப்பதும் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்த இடைவெளியும் திருத்தங்களால் வளர்ந்ததுதான். தொகுதிகளின் அளவு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும், வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 1957 சட்டம் சொன்னது. 1962 திருத்தம் கிராமப்புறத் தொகுதி நகர்ப்புறத் தொகுதியில் பாதி அளவு இருக்கலாம் என்று தளர்த்தியது. 1973 திருத்தம் அந்த எண்ணையும் எடுத்துவிட்டது. 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். சரவாக்கின் இகான் தொகுதியில் 30,000 பேர்கூட இல்லை. பாங்கி வாக்காளர் பத்துப் பேரின் வாக்கு, இகானில் ஒருவருடைய வாக்குக்குச் சமம்.

2008 மார்ச் 8ஆம் தேதி, 1969க்குப் பின் முதன்முறையாக அந்தப் பூட்டு இறுகியது. தேசிய முன்னணிக்கு 140 இடங்கள்தான் கிடைத்தன. அதற்கு முந்திய நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் நம் மக்கள் நின்றதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தங்கள் நம் சுதந்திரத்தை எப்படிக் குறைத்தன

சுதந்திரத்துக்குப் பின் அரசியலமைப்புச் சட்டம் ஐம்பது தடவைக்கு மேல் திருத்தப்பட்டிருக்கிறது. எல்லாத் திருத்தமும் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2001இல் 8ஆவது விதியில் 'பாலினம்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2019இல் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள். மக்களவையில் இருந்த 211 பேரும் ஆதரித்தார்கள். இவை உரிமையை விரித்த திருத்தங்கள். ஆனால் சுருக்கிய திருத்தங்களும் உண்டு. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 1960. மூல அரசியலமைப்புச் சட்டத்தில், கீழறுப்பை ஒடுக்கவென்று 149ஆவது விதியின் கீழ் இயற்றப்படும் சட்டம் ஓராண்டில் காலாவதியாகும். அவசரகாலப் பிரகடனம் நாடாளுமன்றம் ஏற்காவிட்டால் இரண்டு மாதத்தில் காலாவதியாகும். உரிமையைப் பறிக்கும் சட்டத்துக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும் என்று வரைந்தவர்கள் நினைத்தார்கள். 1960 திருத்தம் இரண்டு முடிவுத் தேதிகளையும் அழித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது இசா, அமலுக்கு வந்தது. அதன் பிறகு அந்தச் சட்டம் 52 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 1969இல் போட்ட அவசரகாலப் பிரகடனத்தை நீக்க 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த இசாவின் கீழ்தான் 2007 டிசம்பர் 13ஆம் தேதி இண்ட்ராப்பைச் சேர்ந்த உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவரும் கைது செய்யப்பட்டுக் கமுண்டிங் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதி மக்கள் மனோகரனைச் சிறையில் இருந்தபடியே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதும் கதவு உடனே திறக்கவில்லை. 2009இல்தான் ஐவரும் வெளியே வந்தார்கள். 2012இல் இசா போனது. அதே 149ஆவது விதியின் நிழலில் சொஸ்மா வந்தது. 2019 அக்டோபரில் காடேக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதன், சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் குணசேகரன் உட்பட 12 பேர் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லிச் சொஸ்மாவில் பிடிக்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அத்தனை குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். ஆனால் இடையில் உள்ளே போன மாதங்களை யார் மீட்டுக் கொடுப்பார்கள்?

இரண்டாவது, 1976. இது பலருக்குத் தெரியாது. கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்ட ஒருவர், தம்மை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவில்லை என்று அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. வழக்கு மேல்முறையீட்டில் இருக்கும்போதே நாடாளுமன்றம் 5ஆவது விதியைத் திருத்தியது. அவரைப் பிடித்த அந்தச் சட்டத்துக்கு 24 மணி நேர விதி பொருந்தாது என்றது. அதோடு நிற்கவில்லை; இந்தத் திருத்தம் மெர்டேக்கா நாளிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும் என்றும் எழுதியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கோல் கம்பத்தை நகர்த்தி, அது 1957இலேயே அங்குதான் இருந்தது என்று சொன்ன கதை. 1977இல் லோ கூய் சூன் வழக்கு என்று பெயர் பெற்ற அந்தத் தீர்ப்பில் கூட்டரசு நீதிமன்றம், நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளியது.

மூன்றாவது, 1988. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி தொடங்கிய ஓப்பராசி லாலாங்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இசாவில் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான கர்ப்பால் சிங்கை 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்றே மீண்டும் பிடித்தார்கள். அதே மாதத்தில்தான் 121ஆவது விதியைத் திருத்தும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. 'கூட்டரசின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கும்' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, நாடாளுமன்றச் சட்டம் கொடுக்கும் அதிகாரமே நீதிமன்றங்களுக்கு உண்டு என்று எழுதினார்கள். ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயங்களில் சிவில் நீதிமன்றம் தலையிடாது என்ற புதிய உட்பிரிவும் அப்போது வந்தது. கணவன் மட்டும் மதம் மாறிப் பிள்ளைகளையும் மாற்றிவிட்டால் தாய் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று நம் பெண்கள் அலைந்த அலைச்சலுக்கு அந்த ஒரு வரிதான் காரணம். அதே 1988 ஆகஸ்டில் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

மூன்று தலைமுறையின் கணக்கு

இப்போது குடியுரிமைக்கு வருவோம். ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பாட்டி 1940களில் கித்தாத் தோட்ட லயத்தில் பிறந்தவர். சுதந்திரத்தின் போது, இங்கே பிறந்தவர்கள் பதிவு செய்துகொண்டு குடிமக்களாகலாம் என்று வழி இருந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வு விலக்கும் கொடுத்தார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டப் பாட்டாளிக்கு யார் எடுத்துச் சொன்னது? பதியாமல் விட்டவர்களுக்குப் பின்னாளில் சிவப்பு அட்டை. 1969இல் வேலை அனுமதிச் சீட்டு வந்தபோது, அந்தச் சிவப்பு அட்டையின் விலை என்ன என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு, பலர் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேறின.

அந்தப் பாட்டியின் மூத்த மகள் 1960இல் பிறக்கிறாள். 1957 சட்டப்படி மெர்டேக்கா நாளுக்குப் பின் இந்த மண்ணில் பிறந்த எவரும் குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. ஆகவே அவள் குடிமகள்.

1962இல் ஒரு திருத்தம். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து பிறப்பவர்களுக்கு மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தாய், தந்தை இருவரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும். பாட்டியின் இளைய மகன் 1965இல் பிறக்கிறான். பாட்டிக்கு நிரந்தர வசிப்புரிமை இருந்ததால் அவன் தப்பித்தான். 'நிரந்தரக் குடியிருப்பாளர்' என்ற அந்த இரண்டு சொற்கள்தான் அவனைக் காப்பாற்றின.

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை 206 வாக்குகளால் நிறைவேற்றிய திருத்தம், அந்த இரண்டு சொற்களைத்தான் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தத்தின் கீழ் வரும் காலத்தில் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோர் இருவரும் சிவப்பு அட்டைக்காரர்கள் என்றால், இயல்பான குடியுரிமை இல்லை. விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளைச் சிறப்பு நிலையில் பதிவு செய்ய இடம் தரும் 15ஏ விதியின் வயது வரம்பையும் 21இலிருந்து 18ஆகக் குறைத்திருக்கிறார்கள்.

அதே மசோதாவில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்க்கு, தந்தைக்கு இருக்கும் அதே உரிமை கிடைத்தது. அதற்காகத் தாய்மார்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். அவர்களின் போராட்டத்துக்கு நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் கொடுப்பதையும் எடுப்பதையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தால் உறுப்பினர்கள் என்ன செய்வார்கள்? தாய்மார்களின் உரிமையை எதிர்க்க முடியாது என்று கை தூக்கினார்கள். சிவப்பு அட்டைக் குடும்பத்தின் உரிமையும் அதோடு சேர்ந்து போனது.

ஆனால் குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கும் இதே மசோதா சான்று. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும், வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கும் இருந்த இயல்பான உரிமையை நீக்கவும் அரசாங்கம் முதலில் திட்டமிட்டிருந்தது. பொது இயக்கங்கள் விடாமல் எதிர்த்ததால், 2024 மார்ச்சில் அந்த இரண்டையும் கைவிட்டது. எதிர்ப்பு போதிய அளவு எழுந்த இடத்தில் சட்டம் நின்றது. சிவப்பு அட்டைக்காரர்களுக்காக அந்த அளவு குரல் எழவில்லை. அது யாருடைய வேலையாக இருந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

இலங்கை கற்றுத் தந்தது

சட்டத்தின் ஓரிரு வரி ஒரு சமூகத்தையே தெருவில் நிறுத்தும் என்பதற்கு நம் இனத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1948இல் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அதில் 'தமிழர்' என்ற சொல்லே இல்லை. தந்தை, பாட்டன் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டு வா என்று மட்டும் கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனிடம் எங்கே பத்திரம்? சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சொல்லியிருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லையே என்று 1953இல் தள்ளிவிட்டார்கள். 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது அந்த 29ஆவது பிரிவும் காணாமல் போனது. எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற 2003 வரை சட்டம் காத்திருந்தது.

நம் நாட்டு நிலை அதுவல்ல; இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் ஒன்றுதான். ஏழைப் பாட்டாளியின் உரிமையைப் பறிக்க அவன் இனத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவனிடம் இல்லாத காகிதத்தைக் கேட்டால் போதும்.

நீதிமன்றம் காப்பாற்றுமா?

நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு 1973 ஏப்ரல் 24ஆம் தேதி பதில் கிடைத்தது. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தால் அழிக்க முடியாது என்றார்கள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், சன்னல் மாற்றலாம்; தூணை இடிக்க முடியாது.

நம் நீதிமன்றங்கள் 1977இல் அந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம், இரண்டாம் பகுதியில் உள்ள அடிப்படை உரிமைகளும் அந்தத் தூண்களில் சேர்ந்தவையே என்று எழுதினார். 2017இல் செமினி ஜெயா வழக்கில், நீதி அதிகாரத்தை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2018 ஜனவரி 29ஆம் தேதி, ஈப்போ இந்திரா காந்தி வழக்கில், ஒரு பெற்றோர் மட்டும் செய்த பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சிவில் நீதிமன்றத்தின் கதவை 1988 திருத்தம் முழுதாக மூடிவிடவில்லை என்றும் அந்தத் தீர்ப்பு விளக்கியது. ஒன்பது ஆண்டு ஒரு தாய் விடாமல் நடத்திய வழக்கு அது.

ஆனால் 2021 ஜனவரியில் மரியா சின் அப்துல்லா வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் மறுபடியும் வேறு பாதையில் போனார்கள். ஆக, இந்த விவாதம் முடியவில்லை. ஒரு தீர்ப்பு கையைப் பிடிக்கிறது. இன்னொரு தீர்ப்பு விடுகிறது.

குடியுரிமையிலோ நிலைமை இன்னும் கடினம். குடியுரிமை குறித்து அரசாங்கம் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடோ மறுஆய்வோ செய்ய முடியாது என்று இரண்டாவது அட்டவணையின் மூன்றாம் பகுதி சொல்கிறது. இயல்பான குடியுரிமை என்றால், "சட்டப்படி நான் குடிமகன், அதை அறிவியுங்கள்" என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். விண்ணப்பம் என்றால், அமைச்சு ஏற்காவிட்டால் காரணம் கேட்டு நிற்கத்தான் வேண்டும். அந்த இரண்டு சொற்கள் போனதன் உண்மையான பொருள் இதுதான். உரிமையாக இருந்தது சலுகையாகி விட்டது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்து இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்களுக்கு உடனடியாக நீல அட்டை. 2011இல் மைடப்தார் இயக்கம் நடந்தது. 2018இல் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களுக்குத் தருவோம் என்றார்கள். கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காமல் கண் மூடியவர்களும் இருக்கிறார்கள். முதியவர்களின் விண்ணப்பத்துக்கு ஒரு காலக்கெடு வேண்டும்.

இரண்டாவது, இங்கே பிறந்து வளர்ந்த நிரந்தரக் குடியிருப்பாளரின் பிள்ளைகளுக்கு, 2024 திருத்தம் எடுத்த உரிமை திரும்ப வேண்டும்.

மூன்றாவது, திருமணம் பதிவு செய்யப்படாத பெற்றோரின் பிள்ளை தாயின் நிலையை மட்டுமே பின்பற்றும் என்ற 17ஆவது பிரிவு மாற வேண்டும். தந்தை குடிமகன், தாய் சிவப்பு அட்டை அல்லது எந்த அட்டையும் இல்லை, கோயிலில் மட்டும் தாலி கட்டினார்கள் என்றால், பிள்ளை தந்தையின் குடியுரிமையை இழக்கிறது. ஒரு முக்கிய விஷயம்: இந்தப் பிரிவு இரண்டாவது அட்டவணையின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியைத் திருத்த 159ஆவது விதியின்படி மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. "எங்களிடம் எண்ணிக்கை இல்லை" என்று எந்த அரசாங்கமும் இதில் சாக்குச் சொல்ல முடியாது.

நான்காவது, அடிப்படை உரிமையையோ குடியுரிமையையோ தொடும் எந்தத் திருத்தமும் மற்றவற்றோடு பொட்டலம் கட்டப்படாமல் தனி மசோதாவாக வர வேண்டும். மக்கள் கருத்துக் கூறப் போதிய கால அவகாசமும் வேண்டும்.

153ஆவது விதியைப் பற்றி ஏன் பேசவில்லை என்று சிலர் கேட்கலாம். 1971 திருத்தத்தின்படி அந்த விதியைக் கேள்வி கேட்பதைத் தடை செய்யச் சட்டம் இயற்றலாம். ஆனால் அதன் அமலாக்கம் குறித்துப் பேசலாம் என்று அதே திருத்தமே இடம் விட்டிருக்கிறது. மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களைக் காப்பதும் மாமன்னரின் பொறுப்பு என்று அந்த விதியே சொல்கிறது. அந்தப் பாதி வரியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கோரிக்கை அரசாங்கத்துக்கு. வேலை நமக்கு.

பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'வார்கனெகாரா' என்று இருக்கிறதா, 'புக்கான் வார்கனெகாரா' என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். வயது வரம்பு குறைகிறது. ஒவ்வோர் ஆண்டும் கணக்கு.

குழந்தை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். அதைத் தாண்டினால் தாமதப் பதிவு. கேள்விகள் கூடும், அலைச்சல் கூடும்.

திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் பதிவு கட்டாயம். பிள்ளை பிறந்த பிறகு பதியலாம் என்று இருக்காதீர்கள். குடியுரிமைக்குப் பிறக்கும்போது இருந்த நிலையைத்தான் பார்ப்பார்கள்.

தாத்தா பாட்டியின் பழைய காகிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். தோட்டச் சம்பளச் சீட்டு, தோட்டப் பள்ளிச் சான்றிதழ், சேமநிதிப் புத்தகம், பழைய அடையாள அட்டை, எதுவும் நாளை சான்றாகலாம். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானால் லயமும் போகும், தோட்ட அலுவலகப் பதிவேடும் போகும். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருப்பதுதான் மிஞ்சும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். சட்ட உதவி நாடுங்கள். முகப்பில் வாய்மொழியாக "முடியாது" என்றால், எழுத்தில் கேளுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம், எந்தக் கட்சியானாலும் சரி, 2024 அக்டோபர் 17 அன்று நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் நமக்குப் பிரதிநிதி. நாம் அவருக்குப் பார்வையாளர்கள் அல்ல.

வாசகர்களே, இந்தச் சட்டத்தை வானத்திலிருந்து யாரும் இறக்கவில்லை. மனிதர்கள் எழுதினார்கள், மனிதர்கள் திருத்தினார்கள். 148 பேர் கை தூக்கினால் ஒரு சொல் போகிறது. அந்தச் சொல்லோடு ஒரு குழந்தையின் பள்ளிக்கூடமும், வங்கிக் கணக்கும், வேலையும், வாக்கும் போகிறது. அதே 148 கைகளால் அந்தச் சொல்லைத் திரும்ப வைக்கவும் முடியும். அந்தக் கைகளைத் தூக்க வைப்பது வெளியே இருக்கும் நம் குரல்தான்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், இணையம் பார்க்காத ஒரு பெரியவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவரிடம் இருப்பது சிவப்பு அட்டையா என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.